பிளேட்டைத் தொட முதல் பிளக் வயரைக் கழட்டுங்க

மாரி விட்டு தைப்பொங்கலும் முடிஞ்ச கையோட வளவெல்லாம் முழங்கால் அளவு புல்லு வந்து நிக்குது, அதால இந்த முறை மட்டக்களப்பில இருந்தும் அம்பாறைக் கரையோரத்தில இருந்தும் வந்த கேள்வியில கனக்க புல்லு வெட்டுற மெஷினைப் பத்தினதுதான். மற்றக் கேள்விகளை அடுத்த முறைக்கு வச்சிட்டு இந்த முறை முழுக்க இதையே பாப்பம்.

கேள்வி: பாசிக்குடாவில சின்ன கெஸ்ட் ஹவுஸ் ஒண்டு நடத்துறன். முன்னுக்கு மலேசியன் புல்லு போட்டிருக்கன், தள்ளிக்கொண்டு போற பெற்றோல் மோவர் ஒண்டும் இருக்கு. வெட்டின அண்டைக்கு வடிவா இருக்கு, ரெண்டு நாள் போக புல்லு நுனியெல்லாம் காய்ஞ்ச மாதிரி வெள்ளையா மண்ணிறமா வருது. பசளை காணாது எண்டு ஒருத்தர் சொல்றார், புழு எண்டு இன்னொருத்தர் சொல்றார். பசளையும் போட்டுப் பாத்தாச்சு. என்ன செய்யிற?

பதில்: தம்பி, பசளைக்குக் காசு செலவழிக்க முதல் ஒரு புல்லைப் பிடுங்கி நுனியைக் கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பாருங்க. கத்தரிக்கோலால வெட்டின மாதிரி நேரா இருந்தா பிளேட்டில பிழையில்ல, வேற காரணம் தேடலாம். நார் நாரா கிழிஞ்சு தும்பு மாதிரி தொங்குதெண்டா உங்கட பிளேட் மழுங்கிப் போச்சு, அது வெட்டாம அடிச்சுக் கிழிக்குது, அந்தக் கிழிஞ்ச இடம்தான் வெயிலுக்குக் காய்ஞ்சு நிறம் மாறுது. பாசிக்குடா மண் முழுக்க கடல் மணல்தானே, மெஷின் ஓடேக்குள்ள பிளேட் காத்தை உறிஞ்சி புல்லை நிமித்துற நேரம் மணலும் சேர்ந்து மேல வரும், அது பிளேட்டைத் தேய்ச்சுக்கொண்டே இருக்கும். சாதாரண மண்ணில 20, 25 மணித்தியாலம் ஓடின பிறகு தீட்டினாப் போதும் எண்டு சொல்லுவாங்க, உங்கட இடத்தில அதுக்கு முதலே பாக்க வேணும்.

இனி தீட்டுற விசயம். இதை நீங்களே செய்யலாம், கஷ்டமில்ல. ஆனா முதல் வேலை ஸ்பாக் பிளக்கில இருந்து வயரைக் கழட்டுறது. மெஷினைச் சரிக்க முதல், அடியில கையை விட முதல், புல்லு அடைச்சிருக்கெண்டு ஒரு குச்சியை விட முதல், அந்த வயரைக் கழட்டி பிளக்கில படாம அங்கால மடிச்சு வைங்க. சுவிச்சை நிப்பாட்டிட்டன், இஞ்சின் ஆறிப் போச்சு, இனி என்ன எண்டு நினைக்கக்கூடாது. தள்ளுற மோவரில பிளேட் நேரா இஞ்சின் தண்டிலதான் பூட்டியிருக்கும், நீங்க கையால பிளேட்டைச் சுத்தினா இஞ்சினும் சேர்ந்து சுத்தும், உள்ளுக்கு மிச்சம் இருக்கிற பெற்றோல் ஆவிக்கு ஒரு பொறி பட்டாப் போதும், ஒரு தரம் வெடிச்சு பிளேட் சுத்திரும். அதோட சிலிண்டருக்குள்ள காத்து அமுங்கி நிண்டா, அடைஞ்ச புல்லை இழுத்து எடுத்த உடனே பிளேட் தானா கொஞ்சம் திரும்பும், விரலுக்கு அந்தக் கொஞ்சமே காணும். 21 அங்குல பிளேட் ஒண்டு நிமிசத்துக்கு 3000 சுத்துச் சுத்தேக்குள்ள அதின்ட நுனி ஓடுற வேகம் மணிக்கு 300 கிலோமீற்றர் கிட்ட வரும், கணக்குப் போட்டுப் பாருங்க.

வயரைக் கழட்டின பிறகு பெற்றோல் டாங்கை வெறுமையாக்குங்க, அதை வெளியில காத்தோட்டத்தில செய்யுங்க, குசினிப் பக்கமோ பீடி சிகரெட் பத்துற ஆக்கள் நிக்கிற இடத்திலயோ வேணாம். மெஷினைச் சரிக்கேக்குள்ள ஏர் ஃபில்டரும் காபரேட்டரும் இருக்கிற பக்கம் மேல வர வேணும். மாறிச் சரிச்சா ஒயில் ஃபில்டருக்குள்ள இறங்கி, பிறகு ஸ்டார்ட் பண்ணேக்குள்ள வெள்ளைப் புகை கக்கும், பிளேட் பாக்கப் போய் இஞ்சின் பாக்க வேண்டி வரும். தடிச்ச கிளவுஸ் ஒண்டு போடுங்க. பிளேட் சுத்தாம இருக்க பிளேட்டுக்கும் மெஷின் ஓரத்துக்கும் நடுவில பலகைத் துண்டொண்டைக் குடுத்து, சரியான அளவு ஸ்பனரால போல்ட்டை இடப்பக்கமாத் திருப்புங்க. கழட்ட முதல் பிளேட்டின்ட கீழ்ப்பக்கத்தில பெயின்ட்டால ஒரு புள்ளி வைங்க, இதைச் செய்யாம கழட்டிப் போட்டு மாறிப் பூட்டின ஆக்கள் கனபேர், மெஷின் ஓடும் ஆனா புல்லு வெட்டாது. ரெண்டு அந்தலையிலும் வளைஞ்சு நிக்கிற செட்டை மேல, மெஷின் பக்கம் பாத்துத்தான் இருக்க வேணும்.

பிளேட்டை வைஸில இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு பட்டை அரத்தால தேயுங்க. கடையால வந்த சரிவு எப்பிடி இருந்துதோ அதே சரிவு, அது கிட்டத்தட்ட 30 டிகிரி இருக்கும். கோணம் பிடிக்கத் தெரியாட்டி மார்க்கர் பேனையால சரிவு முழுக்கக் கறுப்பாக் கீறிப் போட்டு ரெண்டு இழுவை இழுத்துப் பாருங்க. கூர் ஓரத்தில மட்டும் கறுப்பு அழிஞ்சிருந்தா அரத்தை நிமித்திப் பிடிச்சிட்டீங்க, கூருக்கு எதிர் ஓரத்தில மட்டும் அழிஞ்சிருந்தா படுத்துப் போச்சு, முழுக்க ஒரே சீரா அழிஞ்சா அதுதான் கோணம். அரத்தை முன்னுக்குத் தள்ளேக்குள்ள மட்டும் அழுத்துங்க, பின்னுக்கு வரேக்குள்ள தூக்கி எடுங்க. மேல்பக்கச் சரிவை மட்டும் தேய்க்கிறது, அடிப்பக்கம் தட்டையாத்தான் இருக்கும், அதில கடைசியா எழும்பி நிக்கிற பிசிரை எடுக்க ஒரே ஒரு தடவை மெதுவா. சவர அலகு மாதிரி மெல்லிசாக் கூர் வைக்க வேணாம், மணலில அது ஒரு நாளும் தாங்காது. பட்டர் பூசுற கத்தி அளவுக்குக் கூர் இருந்தாக் காணும், இந்த வேகத்தில அது வடிவா வெட்டும்.

பூட்ட முதல் ஒரு ஆணியைச் சுவரில அடிச்சு, பிளேட்டின்ட நடு ஓட்டையை அதில கொழுவி, கிடையாப் பிடிச்சு விடுங்க. அப்பிடியே நிண்டா நல்லம். ஒரு பக்கம் இறங்கினா அந்தப் பக்கம் பாரம் கூட, அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்ச்சுத் திரும்பக் கொழுவுங்க. ஒரு பக்கம் நெளிஞ்சு போயிருக்கெண்டு அதை மட்டும் போட்டுத் தேய்க்கிறவங்கதான் கூட, கூர் நல்லாத்தான் இருக்கும், மெஷின் நடுங்கும், பிடிச்சிருக்கிற கை விறைக்கும், போகப் போக தண்டும் பேரிங்கும் போயிரும். என்னைக் கேட்டா, கூர் கொஞ்சம் குறைஞ்ச பிளேட்டோட ஒரு மாசம் ஓட்டலாம், பாரம் பிழைச்ச பிளேட்டோட ஒரு நாளும் ஓட்டக்கூடாது.

பூட்டின பிறகு போல்ட்டை மெனுவலில சொன்ன அளவுக்கு இறுக்குங்க. பிறகு பிளேட் நுனிக்கும் மெஷின் விளிம்புக்கும் நடுவில எவ்வளவு இடைவெளி எண்டு அளந்து, பிளேட்டைக் கிளவுஸ் கையால அரைவாசி சுத்தி மற்ற நுனியையும் அதே இடத்தில அளந்து பாருங்க. 3 மில்லிமீற்றருக்கு மேல வித்தியாசம் வந்தா பிளேட் வளைஞ்சிருக்கு, சுத்தியலால அடிச்சு நிமித்தாம புதுசு வாங்குங்க. பிளக் வயரைப் பூட்டுறது எல்லாத்துக்கும் கடைசி வேலை.

கேள்வி: களுவாஞ்சிகுடியில இருந்து எழுதுறன். வெல்டிங் கடையில குடுத்து கிறைண்டரால பிளேட் தீட்டினன், அஞ்சு நிமிசத்தில தந்திட்டாங்க, பளபளவெண்டு இருந்திச்சு. ரெண்டு தரம் வெட்ட திரும்ப மழுங்கிப் போச்சு. கிறைண்டரால தீட்டினாலே இப்பிடித்தானா?

பதில்: அந்தப் பிளேட்டின்ட ஓரத்தை வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்க, நீல நிறம் ஓடியிருக்கும் எண்டு நினைக்கிறன். இரும்பு 300 டிகிரி அளவு சூடாகினாத்தான் அந்த நீலம் வரும், வந்தா அந்த இடத்தில இருந்த பதம் போச்சு, மெத்திப் போன இரும்பு கூரை வச்சிருக்காது. கிறைண்டர் பிழையில்ல, ஒரே இடத்தில அழுத்திப் பிடிச்சு அவசரத்தில இழுத்ததுதான் பிழை. பக்கத்தில ஒரு வாளி தண்ணி வச்சுக்கொண்டு, மெதுவா ஒரு இழுவை, கை வச்சுப் பாத்துச் சுடத் தொடங்கினாத் தண்ணியில தோய்ச்சுப் போட்டுத் திரும்ப ஒரு இழுவை எண்டு செஞ்சா கிறைண்டராலயும் நல்லாத் தீட்டலாம். நீலம் போன பகுதி ஒரு கோடு அளவெண்டா அரத்தால அதைத் தாண்டித் தேய்ச்சு எடுக்கலாம், அகலமாப் போயிருந்தா பிளேட்டை மாத்துங்க.

வீட்டில நீங்களே கிறைண்டர் பிடிக்கிறதெண்டா சாரனோட நிண்டு பிடிக்காதீங்க, தொங்குற துணியை அது ஒரு இழுவையில சுத்தி எடுத்திரும். இரும்பு வெட்டுற மெல்லிய டிஸ்க்கைச் சரிச்சுப் பிடிச்சுத் தேய்க்கிற பழக்கம் எங்கட பக்கம் நிறைய இருக்கு, அந்த டிஸ்க் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்காது, வெடிச்சா துண்டு முகத்துக்குத்தான் வரும். தேய்க்கிறதுக்கெண்டு இருக்கிற தடிச்ச டிஸ்க், இல்லாட்டி மண்கடதாசி அடுக்கி வச்ச மாதிரி இருக்குமே அந்த டிஸ்க் போடுங்க. காவலுக்கு இருக்கிற மூடியைக் கழட்டாதீங்க. கண்ணுக்குக் கண்ணாடி போடாம தொடங்கவே வேணாம், வெயில் கண்ணாடி இதுக்குச் சரிவராது, ரெண்டு பக்கமும் மறைக்கிற பிளாஸ்டிக் கண்ணாடி ஹாட்வெயார் கடையில இருக்கு. கண்ணில இரும்புத் தூள் போனா கசக்காம, சட்டைத் தலைப்பால எடுக்கப் பாக்காம, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. தீப்பொறி பறக்கிற இடத்தில பெற்றோல் கான் இருக்கக்கூடாதெண்டு சொல்லத் தேவையில்ல, ஆனா மோவரும் ஒரு பெற்றோல் கான்தான், அதையும் தள்ளி வைங்க.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். நிந்தவூரில இருந்து எழுதுறன். தோளில மாட்டிப் புல்லு வெட்டுற மெஷின் வச்சிருக்கன், மூணு பல்லு பிளேட். தீட்டுறதுக்குக் கழட்டப் பாத்தா நட் அசையுதே இல்ல, பைப் போட்டு நெம்பியும் பாத்தாச்சு. இன்னொண்டு, பழைய பிளேட் ஒண்டில சின்ன வெடிப்பு, வெல்டிங் வச்சுப் பாவிக்கலாமா?

பதில்: வஅலைக்கும் ஸலாம் நானா. பைப்பைக் கீழ வைங்க, நீங்க இவ்வளவு நேரமும் இறுக்கிக்கொண்டு இருக்கிறீங்க. தோள் மெஷினில பெரும்பாலும் அந்த நட் இடது புரி, மற்ற நட் எல்லாம் கழட்டுற பக்கம் திருப்பினா இது இறுகும். வலப்பக்கமாத் திருப்புங்க. அதுக்கு முதல் பிளக் வயரைக் கழட்டி, கியர் பெட்டியில இருக்கிற சின்ன ஓட்டையும் உள்ளுக்கு இருக்கிற வாசரின்ட ஓட்டையும் நேரா வாற மட்டும் பிளேட்டைச் சுத்தி, மெஷினோட தந்த கம்பியை அதுக்குள்ள விட்டா பிளேட் பூட்டுப்பட்டு நிக்கும். இந்த மெஷினில பிளேட்டைச் சுத்தினா இஞ்சின் சுத்தாது, நடுவில கிளச் இருக்கு, அதால வயர் கழட்டத் தேவையில்ல எண்டு சில பொடியனுகள் சொல்லுவானுகள். நீங்க குனிஞ்சு பிளேட்டைப் பிடிச்சிருக்கிற நேரம் சின்னப் பிள்ளை ஒண்டு வந்து கயிறை இழுத்தா என்ன நடக்கும் எண்டு யோசியுங்க. வயரைக் கழட்டுங்க.

வெல்டிங் வேணாம். வேணாம் எண்டா வேணாம் நானா. வெல்டிங் சூடு பக்கத்து இரும்பின்ட பதத்தைக் கெடுக்கும், ஒட்டின இடத்துக்குப் பக்கத்தாலயே திரும்ப வெடிக்கும், அந்த வேகத்தில ஒரு பல்லு கழண்டு பறந்தா அது எந்தப் பக்கம் போகும் எண்டு ஆராலயும் சொல்ல ஏலாது. வெடிப்பு இருக்கா இல்லையா எண்டு சந்தேகமெண்டா பிளேட்டை நல்லாக் கழுவிக் காயவச்சு, மண்ணெண்ணெய் பூசிக் கொஞ்ச நேரம் விட்டு, வடிவாத் துடைச்சுப் போட்டு சோக்குத்தூள் தூவுங்க. வெடிப்புக்குள்ள போன எண்ணெய் வெளிய வந்து தூளில கறுப்புக் கோடாக் காட்டும். நடு ஓட்டையைச் சுத்தியும் பல்லின்ட அடியிலயும்தான் பாக்க வேணும், வெடிப்புத் தொடங்குறது அங்கதான். தீட்டேக்குள்ளயும் பல்லின்ட அடி மூலையைக் கூர்க் கோணமா வெட்டி விடாதீங்க, அந்த வளைவு வளைவாவே இருக்கட்டும், கோணமா வெட்டினா அதில இருந்தே வெடிப்பு ஓடும். மூணு பல்லையும் ஒரே நீளத்துக்குத் தேயுங்க, ஒவ்வொரு பல்லுக்கும் எத்தனை இழுவை எண்டு எண்ணிக்கொண்டு செஞ்சா சரியா வரும்.

மரம் அரியிற வட்ட சோ பிளேட்டைக் கொண்டுவந்து இதில பூட்டுறதையும் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் கண்டிருக்கன். தயவுசெஞ்சு அந்த வேலைக்குப் போகாதீங்க. ஓட்டையின்ட அளவு பொருந்தாது, வாசர் வச்சு ஒப்பேத்தினாலும் நடுவில நிக்காது.

கேள்வி: நான் திருக்கோவில். என்ட மகன் ஏ.எல். முடிச்சிட்டு, வேலை ஒண்டும் சரிவராம, கூலிக்குப் புல்லு வெட்டப் போறான். சிலிப்பரும் அரைக் களிசானும்தான். சொன்னாக் கேக்கிறான் இல்ல. வெயிலுக்கு ஏலாது எண்டு சொல்றான். நீங்க ரெண்டு வார்த்தை எழுதுங்க, காட்டுறன்.

பதில்: அக்கா, மகனுக்கே எழுதுறன். தம்பி, வெயில் எனக்கும் விளங்குது, சித்திரை மாசத்தில உங்கட பக்கம் பத்து மணிக்கே நிக்க ஏலாது. விடிய ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு நிப்பாட்டு, பின்னேரம் நாலுக்குப் பிறகு மிச்சத்தை வெட்டு. ஆனா சப்பாத்து இல்லாம போகாத. விரல் நுனி மூடின தடிச்ச சப்பாத்து, முழுக் களிசான், முகத்துக்கு வலை போட்ட மறைப்போ கண்ணாடியோ, காதுக்குப் பஞ்சில்லாம சரியான அடைப்பான். காது போறது ஒரு நாளில தெரியாது, அதாலதான் ஒருத்தரும் கவனிக்கிறதில்ல.

வெட்டத் தொடங்க முதல் அந்த வளவை ஒருக்கா நடந்து பார். பழைய முள்ளுக்கம்பி, சிரட்டை, உடைஞ்ச போத்தல், அறுந்த மீன் வலை, கட்டிடம் கட்டேக்குள்ள போட்ட கம்பித் துண்டு, எங்கட வளவுகளில புல்லுக்குக் கீழ இதெல்லாம் கிடக்கும். கம்பித் துண்டுதான் எனக்குப் பெரிய பயம், கல்லு பட்டா நோகும், கம்பி பட்டா உள்ள இறங்கும். உன்னில இருந்து 15 மீற்றருக்குள்ள ஆரும் நிக்கக்கூடாது, மெஷின் புத்தகத்திலயே அப்பிடித்தான் போட்டிருக்கு. வீட்டுக்காரர் தேத்தண்ணியோட பின்னால வந்து தோளில தட்டுவார், அவருக்கு முதலே சொல்லி வை, முன்னால வந்து கை காட்டச் சொல்லு. கட்டை, வேர், மதில் ஓரம் வந்தா பிளேட்டின்ட முன்பக்க வலது முனையால தொடாத, அந்த முனை பட்டா மெஷின் எதிர்ப்பக்கம் எத்தும். மதில் ஓரத்துக்கு நைலோன் நூலைப் போட்டுக்கொள்.

அக்கா, இது உங்களுக்கு. ஏதும் நடந்திட்டா சுத்தமான துணியை வச்சு விடாம அழுத்திப் பிடிச்சுக்கொண்டு 1990 க்கு அடியுங்க, சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்ல. விரல் துண்டாகினா அதைத் தூக்கி எறியாம, ஈரத் துணியில சுத்தி பொலித்தீன் பையில போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸுக்கு மேல வச்சுக் கொண்டு போங்க, ஐஸ் நேரா விரலில படக்கூடாது. சின்ன வெட்டெண்டாலும் ஏற்பு ஊசி போட்டிருக்கா எண்டு கேளுங்க, மண்ணும் துருவும் பட்ட காயம் அது.

கேள்வி: மோவரின்ட பிடியோட சேர்த்துப் பிடிக்கிற லிவர் ஒண்டு இருக்கு, விட்டா இஞ்சின் நிக்குது. பெரிய வளவு, கை நோகுது. கட்டி வச்சா ஏதும் பிழையா? (செங்கலடி)

பதில்: சைக்கிள் டியூப்பால கட்டி வச்ச மெஷின் நிறையக் கண்டிருக்கன், கண்ட இடத்திலயே அவிழ்த்து விட்டும் இருக்கன். அந்த லிவர் சும்மா வச்சதில்ல. அமெரிக்காவில 1982 இல சட்டம் நடைமுறைக்கு வந்திச்சு, கையை விட்டு 3 செக்கனுக்குள்ள பிளேட் நிக்க வேணும் எண்டு, அதுக்குப் பிறகுதான் இது எல்லா மெஷினிலும் பரவினது. நீங்க வழுக்கி விழுந்தா உங்கட காலைக் காப்பாத்துறது அது ஒண்டுதான். கை நோகுதெண்டா பிளேட்டைத் தீட்டுங்க, மழுங்கின பிளேட்டோட தள்ளுறதுதான் பாதி நோவு. மிச்சத்துக்கு நடுவில இருந்து தேத்தண்ணி குடியுங்க.

கேள்வி: கரண்டில ஓடுற சின்ன மோவருக்கும் இதே முறையா? (ஆரையம்பதி)

பதில்: தீட்டுறது அதே முறைதான். பிளக் வயருக்குப் பதிலா சுவரில இருந்து பிளக்கைக் கழட்டி, அந்த வயர் அந்தலையை உங்கட கண்ணுக்கு முன்னால போட்டு வைங்க. பற்றரி மெஷினெண்டா பற்றரியைக் கழட்டி எடுங்க. ஈரப் புல்லில கரண்ட் மெஷின் வேணாம்.

கேள்வி: எங்கட விளையாட்டுக் கழகத்துக்கு உருளை மாதிரி சுத்துற பழைய கைமோவர் ஒண்டு கிடைச்சிருக்கு, பிட்ச் பக்கம் வெட்ட நல்லம் எண்டு சொல்றாங்க. அதையும் அரத்தால தீட்டலாமா? (கல்லடி)

பதில்: அரத்தைக் கிட்டக் கொண்டு போகாதீங்க. நல்ல சாமான் கிடைச்சிருக்கு உங்களுக்கு. உலகத்தில முதல் வந்த புல்லு வெட்டுற மெஷினே இந்த வகைதான், இங்கிலாந்தில ஸ்ட்ரவுட் எண்ட ஊரில எட்வின் பட்டிங் எண்டவர் 1830 இல காப்புரிமை எடுத்தார், துணி ஆலையில கம்பளித் துணியின்ட மேல்மயிரைக் கத்தரிக்கிற மெஷினைப் பாத்து வந்த யோசனை. சுத்துற அலகுகள் கீழ அசையாம நிக்கிற ஒரு அலகோட உரசிக்கொண்டு போகேக்குள்ள நடுவில அகப்பட்ட புல்லு கத்தரிபடும். ஒவ்வொரு அலகும் நீளம் முழுக்கக் கீழ் அலகை ஒரே அளவாத் தொட வேணும், அரத்தால ஒரு இடத்தைத் தேய்ச்சீங்களெண்டா அந்த இடத்தில பள்ளம் விழுந்து புல்லு வெட்டுப்படாமத் தப்பும்.

இதுக்கு வால்வு தேய்க்கிற பேஸ்ட் எண்டு கராஜ் சாமான் கடையில கேளுங்க. அலகுகளில அதைப் பிரஷ்ஷால பூசி, உருளையை வெட்டுற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா சுத்த விடுங்க, ரெண்டு அலகும் ஒண்டை ஒண்டு தேய்ச்சுத் தானே கூர் வைக்கும். பிறகு பேஸ்ட்டை முழுக்கக் கழுவி எடுத்து, பக்கத்தில இருக்கிற திருகாணியால கீழ் அலகை நெருக்கி, பேப்பர்த் துண்டொண்டை இடத்தால மாத்தி இடத்தால குடுத்துச் சுத்திப் பாருங்க, எல்லா இடத்திலயும் சுத்தமா வெட்டுப்பட்டா சரி. பேப்பரை நீளமா வெட்டிப் பிடியுங்க, விரல் அலகுக்குக் கிட்டப் போகக்கூடாது. இஞ்சின் இல்லைத்தானே எண்டு அசட்டையா இருக்க வேணாம், ஒரு அலகைத் தள்ளினா மற்ற அலகு உங்கட கைக்கு வரும். அடைஞ்ச புல்லை எடுக்கத் தடியைப் பாவியுங்க. வெட்டி முடிஞ்ச ஒவ்வொரு நாளும் புல்லைச் சுரண்டி எடுத்துத் துடைச்சு, பழைய இஞ்சின் ஒயில் தோய்ச்ச துணியால அலகுகளில ஒரு தடவு தடவி வைங்க, கல்லடிக் கடல்காத்துக்கு ஒரு ராவிலயே துரு பிடிச்சிரும்.